தரையில் நடக்கும் பருந்து

ஆகாய விமானத்தைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் பெரும்பாலும் ஆகாயத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். மேகங்களுக்கு மேலே அது எட்டும் உயரமும், காற்றைப் பிளந்து செல்லும் வேகமும் நம் கருத்தைக் கவர்ந்துவிடுகின்றன. ஆனால் பறவைக்குப் பறப்பது மட்டுமா தொழில்? நடக்கவும் வேண்டும் அல்லவா? கடலின் மேல் வட்டமிடும் செம்பருந்தைப் பாருங்கள், எத்தனை கம்பீரம்! அதே பருந்து பாம்பன் கரை மணலில் இறங்கி, மீன் துண்டைத் தேடி நாலடி எடுத்து வைக்கும்போது பாருங்கள்; கம்பீரமெல்லாம் எங்கோ போய்விடுகிறது. தத்தித் தடுமாறி, இறக்கை எதிலும் இடிக்காதபடி ஒடுங்கி ஒடுங்கி நடக்கிறது. விமானத்தின் கதையும் இதுதான். அது வானத்துக்கென்று படைக்கப்பட்டது. தரை அதற்கு அந்நிய பூமி. அந்தத் தரையும் முன்பின் பழகாத ஒரு விமான நிலையத்தின் தரையாக இருந்துவிட்டால், விமானியின் சாமர்த்தியத்துக்கு உண்மையான பரீட்சை அங்கேதான் ஆரம்பமாகிறது.

இராமநாதபுரம் சீமையிலிருந்து இந்த விஷயத்தை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில் உச்சிப்புளி என்னும் ஊரில் பாரதக் கடற்படையின் விமானத் தளம் ஒன்று இருக்கிறது. 2009-ஆம் ஆண்டில் அதற்கு 'ஐ. என். எஸ். பருந்து' என்று நல்ல தமிழிலே பெயர் சூட்டினார்கள். இராமேசுவரத்தில் பொதுஜனங்களுக்கான புதிய விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025 மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். இந்தத் தீவிலே 1931-இல் பிறந்த அப்துல் கலாம் இளமையில் விமானியாக ஆசைப்பட்டு, அந்த வாய்ப்பு மயிரிழையில் தவறி, பின்பு நாட்டின் ஜனாதிபதியாகி, 2006-இல் புனாவில் சுகோய் போர் விமானத்தில் ஏறிப் பறந்ததை நாம் அறிவோம். அவருக்குக் கைநழுவிய வாய்ப்பு இனி இந்தக் கரையின் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கைகூடலாம். அவர்கள் பறக்கக் கற்குமுன் நடக்கக் கற்பார்கள். அந்த நடையைப் பற்றி வீட்டிலுள்ள பெரியவர்களும் சிறிது தெரிந்துகொள்வது நல்லது.

புல்வெளியிலிருந்து கோட்டுச் சித்திரம் வரை

ஆதியில் இந்த நடை சுலபமாக இருந்தது. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் ஒரு சின்னஞ்சிறு 'பஸ் மாத்' விமானத்தில் பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைப் பெல்லாரி மார்க்கமாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1935 நவம்பர் 27-ஆம் தேதி கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை நிலையத்தில் முதன்முதலாக இறங்கிய விமானமும் ஒரு பஸ் மாத்தான். அதை ஓட்டி வந்தவர் சென்னை விமானச் சங்கத்தின் தலைமை ஆசிரியரான டிண்டேல் பிஸ்கோ. எந்த விமானமும் அதற்குமுன் இறங்கியிராத நிலம் அது. அதைவிடப் புதிய விமான நிலையம் எவருக்கு வாய்க்கப் போகிறது?

எனினும் அக்காலத்து விமானிக்கு ஒரு சௌகரியம் இருந்தது. பல விமானத் தளங்கள் அகன்ற புல்வெளிகளே. காற்று எங்கிருந்து வீசுகிறதென்று துணிக்குழாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதை எதிர்நோக்கி ஓடிப் பறந்தால் போதும். குறுக்கே வருகிற விமானமும் அபூர்வம். இடைஞ்சலெல்லாம் விமானத்தின் உருவத்திலேதான் இருந்தது. அதன் வால் தரையில் தாழ்ந்து மூக்கு வானத்தை நோக்கி நிற்கும். ஆகையால் ஓட்டுகிறவருக்கு நேர் எதிரே இருப்பது தெரியாது. அவர் பாம்பு போல் வளைந்து வளைந்து சென்று, இடப்புறம் ஒரு பார்வை, வலப்புறம் ஒரு பார்வை என்று பார்த்துக்கொண்டே போவார். 'டைகர் மாத்' போன்ற பயிற்சி விமானங்களில் பிரேக்கும் கிடையாது. காற்று பலமாக இருந்தால் ஒருவர் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார்.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. சிறிய விமானங்களில் பெரும்பாலானவை மூக்கின் கீழும் ஒரு சக்கரம் உடையவை. எதிரே இருப்பது நன்றாகத் தெரிகிறது. பிரேக்கும் இருக்கிறது. ஆனால் புல்வெளி போய், கிளை பல பிரியும் பாதைகளின் வலை ஒன்று வந்துவிட்டது. பறந்தேறவும் வந்திறங்கவும் உரிய நீண்ட தளத்துக்கு ஓடுபாதை என்று பெயர். நிலையத்தின் வாயிலிலிருந்து அந்த ஓடுபாதைக்குப் போகும் சந்துகளை டாக்ஸிப் பாதைகள் என்கிறார்கள். வாடகை மோட்டாரின் பெயரே இந்தத் தரையோட்டத்துக்கும் வாய்த்துவிட்டது.

ஓடுபாதைக்கு வைக்கும் எண்ணிலே ஓர் அழகான கணக்கு உண்டு. திசைகாட்டியில் வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் கிழக்கு 90 பாகை, மேற்கு 270 பாகை. பாதை நோக்கும் திசையின் பாகையைப் பத்தால் வகுத்து எழுதுகிறார்கள். நமக்கு அண்மையிலுள்ள மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதை கிழக்கு மேற்காக இருப்பதால், அதன் ஒரு முனை 09, மறுமுனை 27. சென்னையில் ஓடுபாதைகள் இரண்டு. ஒன்று 07-25, மற்றொன்று 12-30. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. தவறான வழியில் திரும்பிய சிறிய விமானம் இத்தகைய இடத்தில் என்ன அபாயத்துக்கு ஆளாகும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நிறங்களின் பாஷை

புதிதாக வருகிறவன் வழி தவறாமல் இருப்பதற்காக உலகெங்கும் ஒரே விதமான நிறங்களை வைத்திருக்கிறார்கள். ஓடுபாதையின் மேல் தீட்டியிருக்கும் கோடுகளும் எண்களும் வெள்ளை. டாக்ஸிப் பாதையின் கோடுகள் மஞ்சள். இரவிலே ஓடுபாதையின் விளிம்பில் வெள்ளை விளக்குகள் எரியும். டாக்ஸிப் பாதையின் விளிம்பில் நீல விளக்குகள். அதன் நடுக்கோட்டில் விளக்கு அமைத்திருந்தால் அது பச்சை. பாதையோரப் பலகைகளுக்கும் நிறம் உண்டு. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தானால், 'நீ நிற்கும் இடம் இது' என்று பொருள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தானால், 'இந்த வழி அங்கே போகிறது' என்று பொருள். சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தைக் கண்டால் மட்டும் நெஞ்சு ஒரு கணம் நிற்க வேண்டும். அதற்கப்பால் ஓடுபாதை, அநுமதியின்றி ஓர் அங்குலமும் செல்லலாகாது.

அந்த இடத்தில் தரையிலும் நான்கு மஞ்சள் கோடுகள் குறுக்கே போடப்பட்டிருக்கும். இரண்டு முழுக்கோடுகள், இரண்டு விட்டுவிட்டுப் போகும் கோடுகள். முழுக்கோடு நம் பக்கம் இருந்தால் அது சுவர், நிற்க வேண்டும். விட்டுப்போன கோடு நம் பக்கம் இருந்தால், நாம் ஓடுபாதையிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம், தாராளமாகக் கடக்கலாம். இதனை நிறுத்தக் கோடு என்போம். தரையோட்டத்தின் சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு கோட்டை மதிப்பதிலே அடங்கியிருக்கிறது என்று சொன்னாலும் மிகையாகாது.

பாம்பனில் வசிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் நடுப்பாகம் இரண்டாகப் பிளந்து தூக்கிக்கொள்ளும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்திலோ 72.5 மீட்டர் நீளமுள்ள பாகம் அப்படியே மேலெழும்புகிறது. அன்றும் சரி, இன்றும் சரி, கப்பல்கள் என்ன செய்கின்றன? பாலம் திறக்கும் வரையில் எட்டக் கடலிலே நங்கூரமிட்டுக் காத்திருக்கின்றன. காற்று அநுகூலமாக இருக்கிறதென்றோ, தாமதமாகிறதென்றோ எந்த மாலுமியும் தானாகப் பாலத்தடியில் புகுந்துவிடுவதில்லை. நிறுத்தக் கோட்டின் எதிரே நிற்கும் சிறிய விமானமும் அந்தக் கப்பலைப் போன்றதே.

மிலானில் ஒரு மூடுபனிக் காலை

இந்த ஒழுங்கு சிதறினால் விளைவது என்ன? 2001 அக்டோபர் 8-ஆம் தேதி காலையில் இத்தாலி தேசத்தில் மிலான் நகரத்து லினாத்தே விமான நிலையத்தை அடர்ந்த மூடுபனி சூழ்ந்திருந்தது. அன்று காலையில்தான் ஜெர்மனியிலிருந்து வந்த சிறிய 'சிடேஷன்' ஜெட் விமானம் ஒன்று திரும்பவும் புறப்பட்டது. அதில் விமானிகள் இருவர், பிரயாணிகள் இருவர். வடக்கே செல்லும் ஐந்தாம் பாதையில் போகும்படி கோபுரத்திலிருந்து உத்தரவு வந்தது. விமானமோ ஆறாம் பாதையில் திரும்பிவிட்டது. அந்த ஆறாம் பாதை நேரே பெரிய ஓடுபாதையைக் குறுக்கிட்டுச் செல்வது.

வழியிலே விமானி தாம் வந்திருக்கும் இடத்தின் குறியைச் சொன்னார். அந்தக் குறி எந்த இடத்தைச் சேர்ந்தது என்பது கோபுரத்தில் இருந்தவருக்கு விளங்கவில்லை. விமானம் சரியான பாதையில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டார். தரையிலுள்ள விமானங்களைக் காட்ட வேண்டிய ராடார் அப்போது வேலை செய்யவில்லை. பாதைகளின் அடையாளங்களும் செம்மையாக இல்லை. சிறிய விமானம் மெல்ல ஓடுபாதைக்குள் நுழைந்தது. அதே சமயத்தில் கோபன்ஹேகனுக்குப் போகும் பெரிய விமானம் ஒன்று அநுமதி பெற்று முழு வேகத்தில் அந்த ஓடுபாதையில் வந்துகொண்டிருந்தது. மாண்டவர்கள் 118 பேர். அவர்களில் நால்வர் விமானத்தில் ஏறாதவர்கள். தரையில் தம் வேலையைச் செய்துகொண்டிருந்த சிப்பந்திகள்.

இந்தத் துயரத்தில் எந்த இயந்திரமும் பழுதாகவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இறக்கை ஒடியவில்லை, எஞ்சின் நிற்கவில்லை. 'நான் இருக்குமிடம் எனக்கு நிச்சயமாகத் தெரிகிறதா?' என்ற ஒரு கேள்விக்குச் சரியான விடை கிடைக்கவில்லை; கிடைக்கும் வரையில் விமானம் நிற்கவுமில்லை. அவ்வளவுதான்.

புது ஊருக்குப் போகிறவன் செய்ய வேண்டியவை

ஆகவே, அறிவுள்ள விமானி அயல் நிலையத்துக்குப் புறப்படுவதற்கு முதல்நாளே அதன் வரைபடத்தை மேஜையின் மேல் விரித்து வைத்துக்கொள்கிறான். ஓடுபாதைகள் எத்தனை? எங்கே வெட்டிக்கொள்கின்றன? எந்த முனையில் இறங்கினால் எந்தப் பாதை வழியாக வெளியேற நேரும்? பலரும் தடுமாறும் இடங்களை வட்டமிட்டுக் காட்டியிருக்கிறார்களா? இவற்றையெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டு, மனத்துக்குள்ளே ஒருமுறை நடந்து பார்த்துவிடுகிறான். பரீட்சைக்குப் போகிறவன் பாடத்தைப் படித்துவிட்டுப் போவது போலத்தான் இது.

இறங்கியதும் அவசரப்படலாகாது. ஓடுபாதையை விட்டு விலகி, நிறுத்தக் கோட்டை விமானத்தின் வால் முழுவதும் கடந்த பிறகு நிற்க வேண்டும். அதன்பின் சிறகு மடல்களை மடக்குவது, ரேடியோவைத் தரைக் கட்டுப்பாட்டுக்கு மாற்றுவது முதலிய காரியங்களைச் செய்யலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது தலையைக் குனிந்து பட்டியலைப் படிப்பதோ, படத்தில் வழி தேடுவதோ பெரும் பிழை. படத்தைப் பார்க்க வேண்டுமா? கோபுரத்துக்குச் சொல்லிவிட்டு நில், பார், பிறகு நகரு.

கோபுரத்திலிருந்து வழி சொல்லும்போது ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துக்களின் பெயரால் பாதைகளைச் சொல்வார்கள். நாலைந்து பெயர்கள் ஒரே மூச்சில் வந்துவிடும். அதற்காகவே விமானியின் முழங்காலில் காகிதமும் பென்சிலும் கட்டியிருக்கும். கேட்டதை எழுதிக்கொண்டு, எழுதியதைத் திருப்பி ஒப்பிக்க வேண்டும். முக்கியமாக, 'இன்ன ஓடுபாதைக்கு இப்பால் நில்' என்ற உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும். 'சரி, தெரிந்தது' என்பது விடையாகாது. வழியில் இரண்டு ஓடுபாதைகள் குறுக்கிட்டால் இரண்டுக்கும் தனித்தனியே அநுமதி வேண்டும். அநுமதி கிடைத்த பின்னும் இடப்புறமும் வலப்புறமும் கண்ணால் பார்த்தே கடக்க வேண்டும். ஏனெனில் அநுமதி தந்தவரும் மனிதரே.

இவற்றுக்கெல்லாம் மேலான சௌகரியம் ஒன்று இருக்கிறது. 'இந்த நிலையம் எனக்குப் புதிது. வழியைப் படிப்படியாகச் சொல்லுங்கள்' என்று விமானி கேட்கலாம். அப்படிக் கேட்டால், 'அடுத்த திருப்பத்தில் இடப்புறம் வா. இப்போது நேரே போ. அங்கே நில்' என்று ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லி அழைத்துப் போவார்கள். சில நிலையங்களில் மோட்டார் வண்டி ஒன்றே முன்னால் வந்து வழிகாட்டும். இராமேசுவரம் கோவிலிலே 22 தீர்த்தங்களிலும் நீராட வருகிற வடதேசத்து யாத்திரிகர், வழி தெரிந்தவர் பின்னால் ஒவ்வொரு கிணறாகப் போகிறார். அதில் அவருக்கு என்ன கௌரவக் குறைவு? விமானிக்கும் ஒரு குறைவுமில்லை.

கையும் காலும் காற்றும்

இனி ஓட்டும் முறையைச் சிறிது பார்ப்போம். தரையிலே விமானத்தைத் திருப்புவது கையால் அல்ல, காலால். பாதத்தின் கீழுள்ள இரண்டு மிதிகளை அழுத்தினால் மூக்குச் சக்கரமும் வாலின் சுக்கானும் திரும்பும். மிதியின் மேற்பாகத்தை அழுத்தினால் அந்தப் பக்கத்துப் பிரேக் பிடிக்கும். நகரத் தொடங்கியவுடனே பிரேக்கை ஒருமுறை சோதிக்க வேண்டும். நெருக்கமான இடத்தில் வேகம் ஒருவர் விரைந்து நடக்கும் அளவுக்கு மேற்படலாகாது. எஞ்சினுக்கு வேகத்தையும் கொடுத்துப் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு போகிறவன், ஒரு கையால் வண்டியைத் தள்ளி மறுகையால் இழுக்கிறவனை ஒப்பான். பிரேக் சூடேறி, வேண்டிய சமயத்தில் கைவிட்டுவிடும்.

நம் பயிற்சிப் பள்ளிகளில் அதிகமாகப் பயன்படும் 'செஸ்னா 172' விமானத்தின் இறக்கைகள் நுனியிலிருந்து நுனி வரை சுமார் 11 மீட்டர். ஒரு மோட்டார் காரின் அகலத்தைப்போல ஐந்து, ஆறு மடங்கு! பழகாத இடத்தில் விளக்குக் கம்பத்தையும், வேலியையும், நிற்கும் விமானங்களையும் இந்த இறக்கைகள் தாண்டியாக வேண்டும். பெரிய ஜெட் விமானத்தின் பின்புறமாகப் போவதும் ஆபத்து. அதன் மூச்சுக்காற்று சிறிய விமானத்தைக் கவிழ்த்துவிடும்.

காற்றென்றதும் நம் கடற்கரையின் நினைவு வருகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அம்மியே பறக்குமானால், பறப்பதற்கென்றே செய்த லேசான விமானம் சும்மா இருக்குமா? ஆகையால் தரையில் ஓடும்போதும் விமானி கைப்பிடியை வாளாவிருக்க விடுவதில்லை. காற்று முன்பக்கத்தில் இடப்புறமிருந்து வந்தால் கைப்பிடியை இடப்புறமே திருப்பி வைக்கிறான். இடது இறக்கையின் மடல் மேலெழுந்து, காற்று அந்த இறக்கையைத் தூக்காமல் அமுக்குகிறது. காற்று பின்பக்கத்தில் இடப்புறமிருந்து வந்தால் கைப்பிடியை வலப்புறம் திருப்பி முன்னே தள்ளுகிறான். காற்றுக்கு எதிரே போனால் அதை நோக்கி ஏறுவது போல. காற்று முதுகில் பட்டால் அதைவிட்டு இறங்கிப் போவது போல. பாய்மரக்காரர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள்.

ரேடியோ ஊமையாகிவிட்டால் என்ன செய்வது? அதற்கும் விளக்குப் பாஷை உண்டு. கோபுரத்திலிருந்து தரையிலுள்ள விமானத்தை நோக்கிச் சிமிட்டும் பச்சை விளக்குக் காட்டினால் தரையோட்டத்துக்கு அநுமதி. நிலையான பச்சை, பறந்தேற அநுமதி. நிலையான சிவப்பு, நில். சிமிட்டும் சிவப்பு, இறங்கும் தளத்தை விட்டு விலகு. சிமிட்டும் வெள்ளை, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பு.

கேட்பதற்குக் கூச்சம் எதற்கு?

இவ்வளவையும் மனப்பாடம் செய்துவிட்டால் அபாயம் தீர்ந்துவிடுமா? 1977 மார்ச் 27-ஆம் தேதி தெனெரீஃப் தீவிலே இரண்டு பிரம்மாண்டமான விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டார்கள். வேறு ஊருக்குப் போக வேண்டிய விமானங்கள் அவை; அங்கே வெடிகுண்டு வெடித்ததால் இந்தச் சிறு நிலையத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டவை. மூடுபனி. ஒரு விமானம் தான் விலக வேண்டிய வழியைக் கண்டுபிடிக்க முடியாமல் ஓடுபாதையிலேயே போய்க்கொண்டிருந்தது. மற்றொன்று அநுமதி பெறாமலே பறந்தேற ஓடத் தொடங்கிவிட்டது. அதை ஓட்டியவர் அநுபவத்தில் தலைசிறந்தவர். 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில், பூகம்பத்தில் அகப்பட்ட ஜனங்களுக்குப் பொருள் கொண்டு செல்லவிருந்த கடலோரக் காவற்படை விமானம் ஓடுபாதைக்குள் நுழைந்துவிட, இறங்கி வந்த பெரிய விமானம் அதன்மேல் மோதியது. பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் உயிர் தப்பினர். சிறியதிலிருந்த அறுவரில் ஐவர் மாண்டனர். பழகிய நிலையத்திலேயே இப்படியென்றால், பழகாத நிலையத்தில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்?

விதிகளை அறிந்திருப்பது பாதி வித்தைதான். மற்றப் பாதி, தெரியாததைத் தெரியாது என்று உரக்கச் சொல்லும் துணிவு. நம் பள்ளிக்கூடங்களில், 'புரிந்ததா?' என்று உபாத்தியாயர் கேட்டால் வகுப்பு முழுவதும் 'புரிந்தது, ஐயா' என்று கோஷிக்கிறது. புரியாதவன் கூச்சத்தால் கூடவே கோஷிக்கிறான். வகுப்பிலே அதனால் நஷ்டம் இரண்டு மார்க்கு. ஓடுபாதையிலே அந்தக் கூச்சத்துக்கு விலை மனித உயிர்.

இராமேசுவரத்தில் விமான நிலையம் எழும்போது, அதைப் பார்த்துப் பறக்க ஆசைப்படும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கத்தான் போகிறார்கள். அவர்களுக்கு வீட்டிலே நாம் கற்றுக்கொடுக்கக்கூடிய பாடம் இதுதான்: சந்தேகம் வந்தால் நில்; நின்று கேள்; கேட்டதைத் திருப்பிச் சொல்; பிறகு நட. ரேடியோவில் ஒரு தடவை கேட்பதற்கு அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தைச் செலவிடக் கூசாத பெண்ணையும் பிள்ளையையும் நம்பி, யார் வேண்டுமானாலும் பின் ஆசனத்தில் நிம்மதியாக உட்காரலாம்.